இருபத்தாறு வடிவங்களும் ஒரு வலப்பக்கப் பொத்தானும்

கையேட்டக்கா. பிறப்பு: 1969. துணி துவைக்கும் எந்திரங்களுக்கு ஒன்பது ஆண்டு, மின்விசிறிகளுக்கு ஏழு ஆண்டு, கணினி மென்பொருளுக்குப் பதினைந்து ஆண்டு என முப்பத்தோர் ஆண்டுகள் பயன்பாட்டுக் கையேடு எழுதியவர். அவர் எழுதியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆளுயரம் வரும்; அவற்றுள் பிறர் படித்தவற்றை மட்டும் அடுக்கினால் கணுக்காலைத் தாண்டாது என்பது அவருடைய முதலாளியின் கருத்து. முதலாளி எதையும் அளந்து பார்த்துப் பேசும் வழக்கம் உடையவர் அல்லர்.

அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. ஒன்பது பேர், எட்டு நாற்காலிகள். நாள்தோறும் யாராவது ஒருவர் விடுப்பில் இருப்பார் என்ற நம்பிக்கையில் நிறுவனம் நடந்துகொண்டிருந்தது. அங்கே உருவான பொருள் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் வடிவப்பெட்டி. செய்திப் படத்தில் அம்பைப் பறக்கவிடுபவர்கள், விளம்பரத்தில் ஒரு சோப்பின் தலைமேல் நட்சத்திரத்தைச் சுழலவிடுபவர்கள் முதலான அசையும் வரைகலைக்காரர்களுக்கு வேண்டிய வடிவங்களை அவர்களுடைய வேலைக்குள் கொண்டுபோய் வைக்கும் துணைக் கருவி அது. திரையின் ஓரத்தில் ஒரு பலகை, பலகையில் இருபத்தாறு வடிவங்கள். வேண்டியதைச் சுட்டியால் அழுத்தினால் ஒரு சிறு பெட்டி விரியும். அதன் முதல் வரியை அழுத்தினால் வடிவம் வேலைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதுமே என்று நினைப்பவர்கள் வாழ்நாளில் கையேடு எழுதியிருக்கமாட்டார்கள். கையேட்டக்கா அறுபத்தொரு பக்கம் எழுதியிருந்தார்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை அவர் எழுதுவதில்லை. ‘முதல் வரி’, ‘இரண்டாம் வரி’ என்று இடத்தை மட்டுமே குறிப்பிடுவார். காரணம் நிரல்காரர். கருவியை ஆக்கியவர் அவர்தான். சட்டை மாற்றுவதுபோல, அதாவது ஏறத்தாழ மாதம் ஒரு முறை, பெட்டியில் உள்ள சொற்களை மாற்றிவிடுவார். அந்த ஆகஸ்டு மாதம் சொற்களையே எடுத்துவிட்டுக் கொசு அளவில் சின்னங்களை வைத்திருந்தார். “நவீனமா இருக்கு” என்று முதலாளி பாராட்டினார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் பாராட்டியிருப்பார்.

கையேட்டக்காவுக்குத் தொழிலில் ஒரு விதி உண்டு. தெரிந்ததை எழுதக் கூடாது. கண்ணால் கண்டதையே எழுத வேண்டும். தெரிந்தவருக்குக் கை தானாக ஓடும். ஓடுகிற கை எந்தப் படியைத் தாண்டிக் குதித்தது என்று மூளைக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் ஒன்றும் அறியாத ஒருவருக்குப் படித்துக் காட்டுவார், அவர் செய்வதை அருகில் நின்று பார்ப்பார், பார்த்தபடி எழுதுவார். அந்த ஒன்றும் அறியாத ஒருவர், வீட்டின் முன்னறையில் தையல் எந்திரமும் தாமுமாகக் குடியிருந்த நாத்தனார், கணவரின் அக்கா. ‘ஒன்றும் அறியாதவர்’ என்று அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. கத்தரிக்கோல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

சோதித்துப் பார்ப்பதில் நாத்தனாருக்கு நிகர் நாத்தனார்தான். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செத்தாலும் செய்யமாட்டார். இரண்டு பொருள் வரக்கூடிய வாக்கியம் கிடைத்தால், தவறான பொருளைத் தேடி எடுத்து, அதன்படி நடந்து, விளைவை மகிழ்ச்சியோடு காட்டுவார். கையேட்டக்கா வீட்டில் அவருக்கு அஞ்சினார், தொழிலில் அவரை வணங்கினார்.

ஆகஸ்டுப் பதிப்புக்கான சோதனை ஜூலையில் நடந்தது. முதல் பக்கத்திலேயே நாத்தனார் நிறுத்தினார்.

“‘வட்டத்தை அழுத்தவும்’னு இருக்கு. எதால அழுத்தறது?”

“மவுஸாலதான், அண்ணி.”

“அது தெரியுது. இந்த எலிக்கு ரெண்டு காது இருக்கே, எந்தக் காதைத் திருகறது?”

“அது எல்லாருக்கும் தெரியுமே அண்ணி.”

“எல்லாருக்கும் தெரியும்னா நீ எதுக்கு எழுதறே? பேசாம வெள்ளைத் தாளைக் கட்டி அனுப்பிடு. படிக்கறவங்களுக்கும் சுலபம்.”

கேள்வி நியாயமானது. பதினைந்து ஆண்டுகளாக அந்தக் கேள்வி தமக்குத் தோன்றவில்லையே என்று கையேட்டக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இனி ஒவ்வொரு படியிலும் எந்தப் பொத்தான் என்று எழுதுவது என முடிவு செய்தார். தம்முடைய கை அலுவலகத்தில் எந்தப் பொத்தானை அழுத்துகிறது என்று அவருக்கே நினைவில்லை. பல் துலக்கும்போது எந்தப் பக்கத்தில் தொடங்குகிறோம் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? விதி இருக்கவே இருந்தது. நாத்தனாரின் விரலைக் குனிந்து பார்த்தார். விரல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தியது, பெட்டி விரிந்தது, முதல் வரியை அழுத்த, வட்டம் வந்து உட்கார்ந்தது. ‘வலப்பக்கப் பொத்தானை ஒரு முறை அழுத்தவும்’ என்று எழுதினார். அறுபத்தொரு பக்கத்திலும் இப்படியே நூற்று நாற்பத்து மூன்று இடங்களில் எழுதினார். அப்படியொரு துல்லியமான நூலைத் தாம் அதுவரை எழுதியதில்லை என்ற நிறைவோடு ஆகஸ்டு 22ஆம் தேதி வெளியிட்டார்.

மூன்றாம் நாள் தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கியது.

தொலைபேசியை எடுப்பவருக்குத் தேன்குரலார் என்று பெயர். அவர் குரலைக் கேட்டால் கடன்காரனும் நலம் விசாரிப்பான். எந்தக் குறையைச் சொன்னாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: கருவியை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுங்கள். “என்ன செய்தபோது இப்படி ஆயிற்று?” என்று அவர் யாரையும் கேட்டதில்லை. வருந்துகிறவரைக் குறுக்கு விசாரணை செய்வது நாகரிகம் அன்று என்பது அவர் கொள்கை. ஆனால் யார் எதைச் சொன்னாலும் குறிப்பேட்டில் முத்து முத்தாக எழுதி வைத்துக்கொள்வார்.

“வட்டத்தைக் காணோமாம்” என்று அறிவித்தார் முதல் நாள்.

“காணோம்னா?” என்றார் நிரல்காரர்.

“பலகையிலேயே இல்லையாம்.”

“வட்டம் என்ன, கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போற பொண்டாட்டியா? எங்கே போகும்?”

மறுநாள் சதுரத்தைக் காணவில்லை. அதற்கடுத்த நாள் இருவருக்கு நட்சத்திரம் போயிற்று. நிரல்காரர் தம் நிரலை வரி வரியாகப் பிரித்தார், கட்டினார், மீண்டும் பிரித்தார். அவருடைய கணினியில் ஒரு வடிவமும் அசையவில்லை. மூன்று வாரத்தில் அவர் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டங்கள் தோன்றின. காணாமல் போனவற்றுள் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தவை அவை மட்டுமே.

செப்டம்பர் 12, திங்கட்கிழமை. முதலாளி எல்லாரையும் கூட்டினார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஓட்டை எங்கேன்னு தெரியலைன்னா இந்த நிரலை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்” என்றார் நிரல்காரரைப் பார்த்து. பிறகு கையேட்டக்காவின் பக்கம் திரும்பினார். “அப்புறம், அக்கா. அடுத்த மாசத்திலேருந்து கையேடு வேண்டாம். நிமிஷ வீடியோ போட்டுடலாம். நீங்க தேன்குரலார் பக்கத்துல உட்கார்ந்து போன் எடுங்க.”

“ஏன் சார்?”

“யாரு அக்கா படிக்கறாங்க? என் பொண்டாட்டி எங்க கல்யாணப் பத்திரிகையையே முழுசாப் படிக்கலை. படிச்சிருந்தா மாப்பிள்ளை பேரைப் பார்த்தே தப்பிச்சிருப்பா. மூணு வாரமா இவ்வளவு போன் வருது. ஒருத்தராவது கையேட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாங்களா? நீங்களே சொல்லுங்க.”

ஒருவரும் பேசவில்லை என்பது உண்மை. பிழை கண்டு ஏசியாவது ஒருவர் எழுதியிருந்தால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். முப்பத்தோர் ஆண்டுகளாகத் தாம் கிணற்றுக்குள் கல் போட்டுக்கொண்டிருந்தோமா என்ற எண்ணம் படிக்கட்டு இறங்கும்போது அவரோடு இறங்கி வந்தது.

புதன்கிழமை மாலை, போகிற நூலைப் பிழையில்லாமலாவது அனுப்பிவைப்போம் என்று மீண்டும் ஒரு முறை சோதிக்க எண்ணினார். நாத்தனாருக்கு மறுநாள் கொடுக்க வேண்டிய நாலு சட்டை பாக்கி இருந்தது.

“எனக்கு இன்னிக்கு உன் வட்டமும் வேண்டாம், சதுரமும் வேண்டாம். நீயே திருகிக்கோ.”

கையேட்டக்கா வீட்டுக் கணினியின் முன் தாமே உட்கார்ந்தார். மாதக்கணக்கில் அதை அவர் தொட்டதில்லை. வட்டத்தின்மேல் சுட்டியை வைத்தார்; கை தன் வழக்கப்படி அழுத்தியது. பெட்டி விரிந்தது. முதல் வரியை அழுத்தினார். வட்டம் வேலைக்குள் வரவில்லை, பலகையிலிருந்தே மறைந்தது.

குனிந்து கையைப் பார்த்தார். விரல் இடப்பக்கப் பொத்தானில் இருந்தது.

மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் கணவர் அப்போதுதான் வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இந்த மவுஸை என்ன பண்ணினீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே. அக்காவுக்கு இடது கைப் பழக்கம் இல்லையா, வசதியா இருக்கட்டும்னு பட்டனை வலம் இடமா மாத்தி வெச்சேன். ஜூலையில.”

“எங்கிட்ட சொல்லவேண்டாமா?”

“சொல்லத்தான் வந்தேன்! நீங்க ரெண்டு பேரும் எந்தக் காதைத் திருகறதுன்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க. நடுவுல வந்தா என் காதைத் திருகுவீங்கன்னு போயிட்டேன்.”

முன்னறையில் தையல் எந்திரம் நின்றது. “கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?” என்றது நாத்தனாரின் குரல்.

நூற்று நாற்பத்து மூன்று இடங்கள். கையேட்டக்கா நாற்காலியில் சாய்ந்தார். கையேட்டுக் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிட இரண்டு நிமிடம் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாது என்பதுதான் வலித்தது. முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை தலைகீழாக எழுதிய நூலைப்பற்றி மூன்று வாரத்தில் ஒரு வாயும் திறக்கவில்லை என்றால், ஒரு கண்ணும் அதைப் பார்க்கவில்லை என்றே பொருள். முதலாளி சரியாகச் சொல்லியிருந்தார். முதலாளி சரியாகச் சொல்வது எப்போதாவது நடப்பது; அது இந்த விஷயத்திலா நடக்க வேண்டும்!

நாத்தனார் ஒரு கோப்பைத் தேநீருடன் வந்து நின்றார். இரக்கம் காட்டுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால் கேள்வி கேட்டார்.

“சரி, ஊரெல்லாம் நேரான மவுஸ்தானே? அங்கே ஒருத்தர் உன் புத்தகத்தைப் படிச்சு அப்படியே செஞ்சா என்ன ஆகும்?”

“தப்பான பெட்டி விரியும், ஒரு பட்டனுக்கு ஒரு பெட்டி. அதுல முதல் வரி, வடிவத்தைப் பலகையிலேருந்து நீக்கறது.”

“நகரு, பார்க்கலாம்.” நாத்தனார் உட்கார்ந்து, மற்றக் காதைத் திருகினார். சதுரம் போயிற்று. நட்சத்திரம் போயிற்று. அம்பு போயிற்று. “ஒவ்வொண்ணா ஓடுதே! நல்ல விளையாட்டா இருக்கு. சட்டை தைக்கறதைவிட இது தேவலை.”

கையேட்டக்கா எழுந்த வேகத்தில் தேநீர் தட்டில் சிந்தியது.

“அண்ணி, படிக்கறாங்க!”

“யாரு?”

“எல்லாரும்! முதல்ல வட்டம், அப்புறம் சதுரம், அப்புறம் நட்சத்திரம்! அங்கே காணாமப் போறது இதேதான்! கையேட்டைப் படிச்சு, அதுபடி செஞ்சதனாலதான் காணாமப் போகுது!”

“அடிப்பாவி! ஊரான் கூரையைக் கொளுத்திட்டு, பாரு எவ்வளவு வெளிச்சம்னு குதிக்கறியே.”

குதிப்பு அடங்கியதும் கணக்கு தெளிவாயிற்று. உண்மையைச் சொன்னால் கையேடு படிக்கப்படுகிறது என்பது நிலைநாட்டப்படும்; நிரல்காரரின் தலை தப்பும். ஆனால் மூன்று வாரம் வாடிக்கையாளர்களின் வடிவங்களைத் தின்றது தம் கைதான் என்பதும் அதே மூச்சில் நிலைநாட்டப்படும். தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலிகூடக் கிடைக்காமல் போகலாம். சொல்லாவிட்டால் நாற்காலி உறுதி, நூல் சாகும், நிரல்காரர் செய்யாத குற்றத்துக்குப் போவார்.

“என்ன யோசிக்கறே?” என்றார் நாத்தனார். “தையல் கோணினா பிரிச்சுத்தான் தைக்கணும். மேலே லேஸ் வெச்சு மறைச்சா, லேஸும் சேர்ந்து கோணும்.”

வியாழக்கிழமை கையேட்டக்கா தேன்குரலாரின் குறிப்பேட்டை இரவல் கேட்டார். தம் கையெழுத்தைப் படிக்க ஒருவர் விரும்புகிறார் என்றதும் தேன்குரலார் குறிப்பேட்டைத் துடைத்து இரு கையாலும் நீட்டினார். கையேட்டக்கா அதைக் கையேட்டின் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒத்துப் பார்த்தார். அழைத்தவர்கள் முப்பத்தொரு பேர். கருவியின் பலகையில் முதலில் நிற்பது அம்பு, வட்டம் பதினோராவது. ஆயினும் முப்பத்தொருவரும் முதலில் இழந்தது வட்டத்தைத்தான். இருபத்து நான்கு பேர் அடுத்துச் சதுரத்தை இழந்திருந்தார்கள். நட்சத்திரம் வரை வந்தவர்கள் பதினைந்து பேர். அம்பு வரை வந்தவர்கள் ஆறு பேர். வட்டம், சதுரம், நட்சத்திரம், அம்பு என்ற கையேட்டின் வரிசை சிறிதும் மாறவில்லை. ஒரே ஒருவர் மட்டும் இருபத்தாறு வடிவங்களையும் முறைப்படி இழந்து, ஒழிந்த பலகையுடன் தொலைபேசியில் வந்து, “அடுத்து என்ன செய்யணும்?” என்று பணிவாகக் கேட்டிருந்தார். தேன்குரலார் அவருக்கும் அதே மருந்தைத்தான் கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கூட்டம். முதலாளி வாயைத் திறப்பதற்குள் கையேட்டக்கா எழுந்து நின்றார்.

“வடிவத்தையெல்லாம் காணாமப் போகவெச்சது நான்தான்.”

நடந்ததை ஒன்று விடாமல், படி எண் சொல்லி, விளக்கினார். எந்த இடத்தில் எந்தப் பொத்தான் என்பதையும் இம்முறை சரியாகச் சொன்னார்.

நிரல்காரர் எழுந்தார். அழுவதா அறைவதா என்று அவர் முகத்துக்குத் தெரியவில்லை. “மூணு வாரம், அக்கா! மூணு வாரமா நான் என் நிரலைச் சந்தேகப்பட்டேன்! தலைமுடியெல்லாம் கொட்டிப்போச்சு!”

“அது போன வருஷமே கிளம்பிடுச்சே தம்பி” என்றார் தேன்குரலார், தேன் சொட்ட.

“நீங்க பேசாதீங்க! ஒருத்தரையாவது எந்தப் பட்டனை அழுத்தினீங்கன்னு கேட்டீங்களா?”

“நீங்க ஏன் நீக்கறதுக்கான குப்பைத்தொட்டிப் படத்தைக் கொசு மாதிரி போட்டீங்க?”

முதலாளி கையை உயர்த்தினார். கையேட்டக்கா கொடுத்த பட்டியலை அவர் இரண்டாம் முறை பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தாளையும் அவர் இரண்டாம் முறை பார்த்து யாரும் கண்டதில்லை.

“அப்போ… படிக்கறாங்களா?”

“முப்பத்தொரு பேர், சார்.”

“நம்மகிட்ட நானூறு பேர் இருக்காங்களே. மத்தவங்க?”

“படிக்காதவங்க. அதனாலதான் தப்பிச்சாங்க.”

முதலாளி நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிந்தித்தார். அவர் சிந்திப்பதும் நாற்காலி முனகுவதும் ஒன்றாக நடக்கும். கையேட்டக்கா மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார். வீட்டிலிருந்து புறப்படும்போதே தம் கோப்பையையும் பேனாக்கூட்டையும் போட்டு எடுத்துப்போக ஒரு பையைக் கொண்டுவந்திருந்தார். அது காலடியில் மடித்தபடி கிடந்தது.

“வீடியோ வேண்டாம்” என்றார் முதலாளி கடைசியில். “இதே தப்பு வீடியோவில வந்திருந்தா நானூறு பேரும் பார்த்து, நானூறு பேரோட பலகையும் காலியாயிருக்கும். கையேட்டுல வந்ததனால முப்பத்தொண்ணோட போச்சு. கையேடுதான் நமக்குப் பாதுகாப்பு.”

தம் வாழ்நாள் தொழிலுக்கு இப்படியொரு நற்சான்று கிடைக்கும் என்று கையேட்டக்கா எதிர்பார்த்ததில்லை. மறுத்துப் பேசலாமா என்று ஒரு கணம் நினைத்தார். மறுக்கவில்லை, அவர் துல்லியமானவரே அன்றி முட்டாள் அல்லர்.

“ஆனா முப்பத்தொரு பேருக்கும் நீங்களே போன் பண்ணி மன்னிப்புக் கேக்கணும். தேன்குரலார் கேட்டார்னா அவங்க மயங்கிடுவாங்க. தப்பு என்னன்னே புரியாது.”

நிரல்காரர் அன்று மாலையே நீக்கும் சின்னத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிக்கு இறக்கி, அதைச் சற்றே வளர்த்து ஈ அளவுக்குக் கொண்டுவந்தார். மூன்று வாரத்தில் அவர் செய்த ஒரே பயனுள்ள திருத்தம் அது. கையேட்டக்காவிடம் திங்கட்கிழமை வரை பேசவில்லை. திங்கட்கிழமை அவருடைய நாற்காலியை எடுத்து உட்கார்ந்துகொண்டு, தராமல், பேசினார்.

திங்களும் செவ்வாயுமாக மன்னிப்புப் படலம் நடந்தது. ஒருவர் திட்டினார். ஒருவர் சிரித்தார். விளம்பரப் படம் செய்யும் ஓர் அம்மையார், “என் கையிலதான் ஏதோ தோஷம்னு நினைச்சு மூணு மவுஸ் மாத்தினேன்” என்றார். ஒவ்வொரு வசவையும் கையேட்டக்கா குறித்துக்கொண்டார். படித்தவர்கள் திட்டுகிறார்கள்! இதைவிட ஒரு கையேட்டாசிரியருக்கு என்ன வேண்டும்?

முப்பத்தொன்றாவது எண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தார். அது இருபத்தாறு வடிவங்களையும் இழந்தவருடையது. மருத்துவமனைக் காத்திருப்பு அறைகளின் திரைகளுக்கு அசையும் படங்கள் செய்து கொடுப்பவர் அவர்.

“நீங்கதான் எழுதினவங்களா?” என்றார் அவர், எழுந்து நின்றுவிட்டதுபோன்ற குரலில்.

“ஆமாங்க. பெரிய தப்பு நடந்துபோச்சு. மன்னிக்கணும்.”

“எதுக்குங்க?”

“உங்க வடிவமெல்லாம் போச்சே.”

“அது போகட்டும். முதல்ல எல்லாத்தையும் எடுத்துட்டு, சுத்தமா ஆரம்பிக்கற முறைபோல இருக்குன்னு நினைச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, தடங்கலே இல்லாம எடுக்க வந்துச்சு. எனக்கு வேற ஒரு சந்தேகம். முப்பத்தெட்டாம் பக்கம்.”

“சொல்லுங்க.” கையேட்டக்கா பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“ஐங்கோணம்னு எழுதியிருக்கீங்க. படத்துல ஆறு பக்கம் இருக்கு.”

“இருக்காதே.”

“எண்ணிப் பாருங்க. நான் நாலு தடவை எண்ணினேன்.”

கையேட்டக்கா நூலைப் புரட்டினார். பேனா முனையால் ஒவ்வொரு பக்கமாகத் தொட்டு எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். மறுமுனையில் அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

“ஆறுதான்” என்றார் கையேட்டக்கா. “நீங்க சொல்றதுதான் சரி. வெச்சிடாதீங்க, இருங்க.”

2022 செப்டம்பர் 20, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு, கையேட்டக்கா முப்பத்தெட்டாம் பக்கத்தில் ‘ஐங்கோணம்’ என்பதை அடித்து, அதன்மேல் ‘அறுகோணம்’ என்று எழுதினார்.